எட்டாவது வள்ளல்

கடையெழு வள்ளல்கள் என்று ஏழு பேரோடு கணக்கை முடித்துவிட்டது தமிழ் மரபு. அவசரப்பட்டுவிட்டது. எட்டாவது ஆள் சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையில், கண்ணாடிக் கட்டடத்தின் ஏசிக் குளிரில், காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பேக்எண்ட் டெவலப்பர் என்பது அவர் பட்டம். பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்தான், மயில் கேட்கவில்லை. பாரி முல்லைக்கொடிக்குத் தேரைக் கொடுத்தான்; முல்லை கேட்கவில்லை. கேட்காததைக் கொடுப்பதில் நம் ஆளும் அந்த வரிசைதான். என்ன, பாரி கொடுத்தது அவனுடைய தேர். இவர் கொடுப்பது உங்களுடைய செல்போன் எண், உங்களுடைய பிறந்த தேதி, உங்கள் வீட்டில் இருக்கும் மற்ற நாலு பேருடைய அடையாள அட்டை எண்.

இவர் கொடை வழங்கும் வாசலுக்கு ஏபிஐ என்று பெயர். கையில் இருக்கும் செயலி ஒரு கேள்வி கேட்கும். எங்கோ இருக்கும் சர்வர் ஜேசன் என்ற எழுத்து வடிவத்தில் பதில் சொல்லும். அவ்வளவுதான் விஷயம். கேட்ட கேள்விக்குப் பதில் எழுது என்று ஒன்றாம் வகுப்பிலேயே சொல்லித் தருகிறார்கள். பத்து மார்க் கேள்விக்குப் புத்தகத்தையே கிழித்துக் கட்டிக் கொடுத்தால் வாத்தியார் முட்டை போடுவார். இங்கே அதற்குச் சம்பள உயர்வு கிடைக்கிறது.

ஒரு கற்பனை பஸ் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். (கற்பனைதான், எந்தப் போக்குவரத்துக் கழகமும் நோட்டீஸ் அனுப்ப வேண்டாம்.) ராத்திரி பத்து மணிக்கு விழுப்புரம் போகிற வண்டியில் ஜன்னலோர இருக்கை காலியா என்று செயலி கேட்கிறது. பதில் கிளம்புகிறது. முதலில் பஸ் வருகிறது: பதிவு எண், எஃப்.சி. முடியும் தேதி, இன்ஷூரன்ஸ் பாலிசி எண். பஸ்ஸுக்கு ஓட்டுநர் உண்டல்லவா, அவரும் வருகிறார்: பெயர், வீட்டு முகவரி, லைசென்ஸ் எண், ரத்த வகை, சேமநல நிதிக் கணக்கு எண், வாரிசுதாரராக எழுதிக் கொடுத்த மனைவியின் பெயர். ஓட்டுநருக்கு ஒரு டிப்போ. டிப்போவுக்கு ஒரு மேலாளர். மேலாளருக்கு ஒரு லாகின். டிப்போவுக்கு 120 பஸ்கள், அந்த 120 பஸ்ஸுக்கும் ஓட்டுநர்கள், அவர்களுடைய மனைவிமார்கள். அந்தக் கூட்டத்தில் நாம் முதலில் கேட்ட பஸ்ஸும் ஒன்று. ஆகவே அதுவும் தன் ஓட்டுநரோடும் டிப்போவோடும் மறுபடி வருகிறது. இருக்கை? இருக்கிறது. எங்கோ நாலாயிரத்துச் சொச்சமாவது வரியில் 'ஸ்டேட்டஸ்: 2' என்று இருக்கிறது. இரண்டு என்றால் காலியா, நிரம்பிவிட்டதா என்பதை மட்டும் யாரும் எழுதி வைக்கவில்லை.

இது எப்படி நடக்கிறது? தரவுத்தளத்தில் பஸ் ஓர் அட்டவணை, ஓட்டுநர் ஓர் அட்டவணை, டிப்போ ஓர் அட்டவணை. ஒன்றையொன்று ஃபாரின் கீ என்ற எண்ணால் கட்டிவைத்திருக்கும். அப்படிக் கட்டுவது சரியான வேலை, அதில் குறையே இல்லை. அதன்மேல் ஓஆர்எம் என்ற சௌகரியம் வந்தது. நிரலில் பஸ்ஸுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தால் ஓட்டுநர். ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தால் டிப்போ. அதற்கும் மேலே சீரியலைசர் என்ற இன்னொரு சௌகரியம் வந்தது. எந்தெந்தப் புள்ளி உண்டோ அத்தனையையும் தானே தொட்டு, தானே ஜேசனாக்கி, தானே அனுப்பிவிடும். மனிதன் யோசிக்க வேண்டிய ஒரே இடம், எதை அனுப்புவது என்ற இடம், அப்படியே மறைந்துபோயிற்று.

ஜாவாக்காரர்களுக்கு இதில் ஒரு பாக்கியம் உண்டு. அங்கே ஜாக்சன் என்ற நூலகம் ஆர்டருக்குள் வாடிக்கையாளரையும், வாடிக்கையாளருக்குள் ஆர்டரையும், அதற்குள் மறுபடி வாடிக்கையாளரையும் எழுதிக்கொண்டே போய், கடைசியில் ஆழம் தாங்காமல் பிழை காட்டிச் செத்து விழும். மொத்தக் கதையிலும் யோக்கியமான பாத்திரம் அதுதான். இதற்குமேல் என்னால் முடியாது என்று யந்திரமே கையெடுத்துக் கும்பிடுகிறது. நம் ஆள் என்ன செய்கிறார்? ஏன் இவ்வளவு ஆழம் போகிறோம் என்று கேட்டுக்கொள்வதில்லை. சுழல்கிற இடத்தில் மட்டும் 'ஜேசன்இக்னோர்' என்று ஒரு முட்டுக்கட்டையைச் செருகிவிட்டு, டிக்கெட்டை மூடிவிட்டு, டீ குடிக்கப் போகிறார். வட்டம் நின்றது. கொட்டுவது நிற்கவில்லை.

ஐபிஎம் ஆராய்ச்சியாளர் எட்கர் காட் 1970இல் எழுதிய கட்டுரையிலிருந்துதான் இந்த அட்டவணை உலகமே கிளம்பியது. அந்தக் கட்டுரை எடுத்த எடுப்பிலேயே வைக்கிற கோரிக்கை என்ன தெரியுமா? பெரிய தரவு வங்கிகளைப் பயன்படுத்துகிறவர்கள், உள்ளே தரவு எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டிய அவஸ்தையிலிருந்து காப்பாற்றப்பட வேண்டும் என்பது. அரை நூற்றாண்டு தாண்டிவிட்டது. இன்றைக்கு விழுப்புரம் பஸ்ஸுக்கு டிக்கெட் போடுகிற செல்போனுக்கு, டிப்போ அட்டவணையில் எத்தனை பத்தி, அதில் எந்தப் பத்திக்கு யார் எழுத்துப்பிழையோடு பெயர் வைத்தார் என்பதுவரை தெரியும். அந்தப் பிழையை இனிமேல் திருத்தவும் முடியாது. திருத்தினால் செயலி உடைந்துவிடும். உள்வீட்டு அலமாரியைத் தூக்கி வாசலில் வைத்தாயிற்று. இனி அலமாரியை நகர்த்தவும் ஊரிடம் அனுமதி வாங்க வேண்டும்.

பைத்தான் உலகத்தில் ஜாங்கோ ரெஸ்ட் ஃபிரேம்வொர்க் என்ற கருவி மிகப் பிரபலம். அதில் ஒரு காலத்தில் எந்தெந்த ஃபீல்டை அனுப்புவது என்று சொல்லாமலே விடலாம், எல்லாமே போய்விடும். இது ஆபத்து என்று உணர்ந்து, 3.3ஆம் பதிப்பிலிருந்து எதை அனுப்புகிறாய் அல்லது எதை விலக்குகிறாய் என்று சொல்லியே ஆக வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். ஃபீல்டுகளை ஒவ்வொன்றாகக் கையால் எழுது, இல்லாவிட்டால் நாளைக்கு அட்டவணையில் ஒரு பத்தி கூடும்போது அது உனக்குத் தெரியாமலே வெளியே போய்விடும் என்று கையேட்டிலும் அழுத்திச் சொல்லியிருக்கிறார்கள். உலகம் அந்தப் புத்திமதியை எப்படி ஏற்றுக்கொண்டது?

"ப்ரோ, ஃபீல்ட்ஸ் கட்டாயம் குடுக்கணுமாம். எதையெல்லாம் குடுக்க?"

"ஆல்னு போட்டுடுடா. அவங்களுக்கு வேணுங்கறத எடுத்துக்கட்டும்."

'ஆல்' என்று எழுதவும் அதே கருவியில் வழி உண்டு. மூன்று ஆங்கில எழுத்து, இரண்டு பக்கமும் அடிக்கோடுகள். கட்டாயத்தைக் கட்டாயமாக நிறைவேற்றியாயிற்று.

அதைவிட அழகான பொறி ஒன்று அங்கேயே இருக்கிறது. 'டெப்த்' என்று ஒரு எண் கொடுக்கலாம். அத்தனை அடுக்கு ஆழத்துக்கு உறவுகளைத் தோண்டி எடுத்து வரும். பத்துக்கு மேல் கொடுத்தால் கருவி மறுத்துவிடும். பதினொன்று கேட்கிற ஆள் ஒருவன் வருவான் என்று எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது பாருங்கள். சரி, நம் ஆள் கொஞ்சம் பொறுப்பானவர் என்றே வைத்துக்கொள்வோம். மேல் அடுக்கில் 'ஆல்' போடவில்லை. பஸ் எண், நேரம், பதிவு செய்தவர் என்று மூன்றே ஃபீல்டுகளைக் கையால் எழுதுகிறார். பதிவு செய்தவரின் பெயர் திரையில் தெரிய வேண்டும் என்பதற்காக டெப்த் ஒன்று என்று போடுகிறார். முடிந்தது கதை. மேலே நீங்கள் எவ்வளவு கவனமாக எழுதியிருந்தாலும், அந்தக் கருவி உள் அடுக்கைத் தானாகக் கட்டும்போது 'ஆல்' என்றுதான் கட்டும். பதிவு செய்தவர் என்பது ஜாங்கோவின் யூசர். யூசருக்குள் என்ன இருக்கிறது? கடைசியாக உள்ளே வந்த நேரம் இருக்கிறது. சூப்பர் யூசரா இல்லையா என்பது இருக்கிறது. பாஸ்வேர்டின் ஹேஷ் இருக்கிறது. ஒரு மனிதரின் பெயரைக் காட்ட ஆசைப்பட்டு அவருடைய பூட்டின் அச்சையே வெளியே அனுப்பியாயிற்று. திரையில் அது தெரியாது. பெயர் மட்டும் அழகாக, நீல எழுத்தில் தெரியும். டெமோவில் எல்லோரும் கைதட்டுவார்கள்.

இவ்வளவையும் தோண்டி எடுக்கச் செலவு ஆகாதா? ஆகும். ஐம்பது பஸ்களின் பட்டியல் வேண்டும் என்று ஒரு கேள்வி தரவுத்தளத்துக்குப் போகிறது. பிறகு முதல் பஸ்ஸின் ஓட்டுநர் யார் என்று ஒரு கேள்வி, இரண்டாவது பஸ்ஸின் ஓட்டுநர் யார் என்று இன்னொரு கேள்வி. ஐம்பத்தொரு கேள்வி. அதற்கு அடுத்த அடுக்கில் டிப்போவுக்கு இன்னும் ஐம்பது. இதற்கு 'என் பிளஸ் ஒன்' என்று தொழிலில் பெயரே உண்டு. இன்டர்வியூவில் கேட்பார்கள், எல்லோரும் சரியாகச் சொல்வார்கள், வேலைக்குச் சேர்ந்த மறுநாள் செய்வார்கள். மருந்தும் எல்லோருக்கும் தெரியும்: உறவுகளை முன்கூட்டியே ஒரே வீச்சில் எடுத்துவிடுவது. ஆனால் எந்த உறவு வேண்டும் என்று முதலில் தெரிய வேண்டுமே.

ஜாவாக்காரர்களின் ஸ்பிரிங் பூட்டில் 'ஓபன் இன் வியூ' என்ற அமைப்பு இயல்பாகவே திறந்திருக்கும். பதிலை எழுதிக்கொண்டிருக்கும் நேரத்திலும் தரவுத்தளத்துக்குள் போய் அள்ளிக்கொண்டு வர அது வழி விடுகிறது. 2.0ஆம் பதிப்பிலிருந்து, இது திறந்திருக்கிறது, கவனி என்று ஒவ்வொரு முறை சர்வர் கிளம்பும்போதும் ஓர் எச்சரிக்கை வரி அச்சாகிறது. அதைப் படித்த மனிதரை இந்தியாவில் தேடிப் பிடித்தால் பத்ம விருது கொடுக்கலாம்.

செலவு ஆகும் என்றேனே, யாருக்கு ஆகும்? சர்வர் வாடகை கம்பெனிக்கு. மீதி, தினசரி ஒன்றரை ஜிபி பேக் போட்டுக்கொண்டு, இரண்டாவது கையாக வாங்கிய போனில், டவர் ஒரு கோடு வந்து போகிற இடத்தில் நின்று டிக்கெட் போடுகிறவருக்கு. அந்த 120 ஓட்டுநர்களும் அவர் காசில்தான் இறங்குகிறார்கள். அவர் போனின் பேட்டரியில்தான் செயலி அவர்களைப் பிரித்துப் பார்த்துத் தூக்கிப் போடுகிறது. செயலி சுற்றிக்கொண்டே நிற்கும்போது, உங்கள் இணைய இணைப்பைச் சரிபார்க்கவும் என்று அவருக்கே புத்திமதியும் வரும்.

இந்த ஊதாரித்தனத்தில் பெரிய இடத்துக்காரர்கள் இளைத்தவர்கள் இல்லை. ட்விட்டர் 140 எழுத்துக்குள் பேசச் சொன்ன காலத்தில், ஒவ்வொரு ட்வீட்டோடும் எழுதியவரின் முழு ஜாதகத்தையும் சேர்த்து அனுப்பியது. அவருடைய பக்கத்தின் ஓரப் பட்டைக்கு என்ன நிறம், பின்னணிப் படம் ஓடு பதித்தது போல் திரும்பத் திரும்ப வருமா வராதா, சுட்டிகளுக்கு என்ன நிறம், எல்லாம் உண்டு. ஒரே ஆள் எழுதிய இருபது ட்வீட்டைக் கேட்டால், அந்த ஓரப் பட்டை நிறம் இருபது தடவை வரும். ட்விட்டரில் வேலை பார்த்த ரஃபி கிரிகோரியன் 2010இல் ஒரே ஒரு ட்வீட்டின் உள்ளுறுப்புகளை ஒரு வரைபடமாகப் போட்டார். ஒரு முழுப் பக்கத்தில் எழுத்து நெருக்கிக்கொண்டு நிற்கும். 2020இல் ஏபிஐயின் இரண்டாவது பதிப்பு வந்தபோதுதான் புத்தி வந்தது. சும்மா கேட்டால் எண்ணும் வாசகமும் மட்டும். எழுதியவர் விவரம் வேண்டுமென்றால் தனியாகக் கேள், தனியாக ஒருமுறை தருகிறேன் என்றார்கள்.

இதற்கு எதிர்க்கட்சி ஒன்று உண்டு. தூயவாதிகள். ராய் ஃபீல்டிங் 2000இல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் அர்வைன் வளாகத்தில் கொடுத்த முனைவர் பட்ட ஆய்வேட்டிலிருந்து ரெஸ்ட் என்ற கட்டமைப்புப் பாணியின் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒரு பொருளுக்கு ஒரு முகவரி, அதற்குமேல் மூச்சு விடமாட்டேன் என்பார்கள். பஸ் கேட்டால் 'ஓட்டுநர்: 4417' என்று ஓர் எண் வரும். 4417 யார் என்று போய்க் கேட்டால் 'டிப்போ: 12'. ஒரு திரையை நிரப்ப முப்பது நாற்பது நடை. தாங்கள் கட்டியது ரெஸ்ட் என்று இவர்கள் சத்தியம் செய்வார்கள். எச்டிடிபியில் ஓடுவதையெல்லாம் ரெஸ்ட் என்கிறார்களே என்று ஃபீல்டிங்கே 2008இல் எரிந்து விழுந்திருக்கிறார். கொட்டுகிறவரும் கிள்ளித் தருகிறவரும் சண்டை போடுவது மேடைக்குத்தான். திரையைப் பார்க்காமல் அட்டவணையைப் பார்த்துப் பதில் எழுதுவதில் இரண்டு பேரும் ஒரே குருவின் சீடர்கள். கிட்ஹப் 2016இல் தன் பழைய ஏபிஐயைப் பற்றித் தானே ஒப்புக்கொண்டது: தரவுத்தளத்துக்குப் போகும் கோரிக்கைகளில் 60 சதவீதத்துக்கு மேல் அதனால்தான், தேவைக்கு மேல் அனுப்புகிறோம், அப்படியும் தேவைப்பட்டது அதில் இல்லை என்று. அதை ஒப்புக்கொள்ளவாவது அவர்களிடம் ஆள் இருந்தது.

கிட்ஹப் அப்போது தாவியது கிராஃப்க்யூஎல்லுக்கு. ஃபேஸ்புக் 2012இல் தன் செல்போன் செயலிக்காக உள்ளுக்குள் செய்து, 2015இல் ஊருக்குத் திறந்துவிட்டது. கேட்பவனே தனக்கு வேண்டிய வடிவத்தை எழுதிக் கேட்கலாம். நல்ல யோசனை, உண்மையிலேயே நல்ல யோசனை. நம்மவர் கையில் வந்ததும் என்ன ஆயிற்று? வடிவத்தைத் தீர்மானிக்கும் தலைவலி நமக்கு இல்லை, கேட்பவனே பார்த்துக்கொள்வான் என்று மொத்த அட்டவணைகளையும் அப்படியே ஸ்கீமாவாக்கி வாசலைத் திறந்துவிட்டார்கள். பஸ்ஸின் ஓட்டுநரின் டிப்போவின் பஸ்களின் ஓட்டுநரின் டிப்போ என்று எவனாவது பத்து அடுக்குக்கு எழுதிக் கேட்டால், சர்வர் படுத்துவிடும். அதனால்தான் கிட்ஹப் ஒரு கேள்விக்கு 5,00,000 கணுக்களுக்கு மேல் கிடையாது, ஒரு பட்டியலில் ஒரு தடவைக்கு 100க்கு மேல் கிடையாது என்று வரம்பு கட்டியிருக்கிறது. நம் ஊரில் வரம்பு கட்டுவது ஃபேஸ் டூவில் வரும்.

இதுவரை சொன்னதில் பெரும்பாலும் காசும் நேரமும்தான் போயின. இனி அந்தரங்கம் போன கதை. 2019 ஆகஸ்டில் பென் டெஸ்ட் பார்ட்னர்ஸ் என்ற பிரிட்டிஷ் பாதுகாப்பு நிறுவனம், த்ரீஃபன் என்ற டேட்டிங் செயலியைத் திறந்து பார்த்தது. என் இருப்பிடத்தைக் காட்டாதே என்று பயனர் தேர்வு செய்திருந்தாலும், அவர் நிற்கும் இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் சர்வரிலிருந்து வந்துகொண்டே இருந்தன. மறைக்க வேண்டும் என்ற குறிப்பும் கூடவே வந்தது. அதைப் படித்து மறைக்கிற வேலை செயலியுடையது. பிறந்த தேதி, பாலியல் விருப்பம், தனிப்பட்ட படங்கள் எல்லாம் அந்தக் கோணியில் இருந்தன. வெள்ளை மாளிகை, அமெரிக்க உச்ச நீதிமன்றம், லண்டன் டவுனிங் தெரு 10 என்றெல்லாம் வரைபடத்தில் பயனர்கள் மினுக்கினார்கள். போலியாக இடம் மாற்றிக் காட்டவும் முடியும் என்று அந்த நிறுவனமே சொன்னது, சரி. ஆனால் ரகசியமாக வைத்துக்கொள் என்று சீட்டு எழுதி, ரகசியத்தோடு சேர்த்தே அனுப்பிய மூளையை என்ன சொல்ல? பெலட்டான் என்ற உடற்பயிற்சி சைக்கிள் கம்பெனியில் 2021இல் இதே நிறுவனம் கண்டது இன்னும் ஒரு படி மேல். லாகின் இல்லாமலே, பூட்டி வைத்த கணக்குகளின் வயது, பாலினம், எடை, ஊர் எல்லாம் கிடைத்தன. சொல்லிக் கொடுத்த பிறகு செய்த முதல் ரிப்பேர், அதைத் தங்கள் வாடிக்கையாளர்களுக்கு மட்டும் கிடைக்கும்படி செய்தது. கணக்கு யார் வேண்டுமானாலும் தொடங்கலாம்.

அமெரிக்காவைச் சொல்லிச் சிரித்துவிட்டுத் தப்ப வேண்டாம். 2018 மார்ச்சில் இசட்டிநெட் தளம், இந்திய அரசுத் துறை நிறுவனம் ஒன்றின் ஏபிஐ பற்றி எழுதியது. ஆதார் எண்களைப் போட்டுப் போட்டுப் பார்க்கலாம், எத்தனை தடவை என்று வரம்பே கிடையாது; பொருந்தினால் பெயரும், அவர் வங்கிக் கணக்கு எங்கே என்ற விவரமும் வரும். கதவுக்குச் சாவி இல்லாமல் இல்லை, இருந்தது. மாறாத சாவி, எல்லோருக்கும் ஒரே சாவி. அந்தச் சாவியின் சங்கேதத்தை அவிழ்த்தால் உள்ளே இருந்த வாசகம்: 'இன்ட் ஆதார் செக்யூர் ஸ்டேட்டஸ்'. பாதுகாப்பு என்ற சொல்லையே சாவியாக வைத்துவிட்டுப் போன அந்த மகானுக்கு நகைச்சுவை உணர்வு இருந்திருக்க வேண்டும் என்றே நம்ப ஆசைப்படுகிறேன். செய்தி போடுவதற்கு முன்னால் ஒரு மாதத்துக்கும் மேலாக அதிகாரிகளைத் தேடியதாக அந்தத் தளம் சொல்கிறது. பதில் இல்லை. செய்தி வந்த பிறகு ஆதார் ஆணையத்தின் பதில் வந்தது: இதில் உண்மையே இல்லை.

2023 ஜூனில் டெலிகிராமில் ஒரு பாட். செல்போன் எண்ணைத் தட்டினால், கோவின் என்ற கோவிட் தடுப்பூசிப் பதிவுத் தளத்தில் அந்த எண்ணைக் கொடுத்துத் தடுப்பூசி போட்டுக்கொண்டவரின் பெயர், காட்டிய அடையாள அட்டையின் எண், எந்த மையத்தில் போட்டார் என்பதெல்லாம் வந்தன. அவருடையது மட்டும் வந்தால் பரவாயில்லை. ஒரே எண்ணில் நாலு பேர்வரை, 2022 ஜனவரிக்குப் பிறகு ஆறு பேர்வரை பதிவு செய்ய அந்தத் தளம் அனுமதித்திருந்தது. ஸ்மார்ட்போன் இல்லாத பாட்டிக்குப் பேரன் எண், அம்மாவுக்கு மகள் எண். அத்தனை பேரும் பாட் வழியாக வரிசையில் வந்து நின்றார்கள். ஆதாரமற்றது, விஷமத்தனமானது என்றது சுகாதார அமைச்சகம். கோவின் நேரடியாக உடைக்கப்பட்டதாகத் தெரியவில்லை, பழைய திருட்டுத் தரவாக இருக்கலாம் என்றார் தகவல் தொழில்நுட்பத் துறை இணையமைச்சர். அமைச்சக அறிக்கையைக் கடைசிவரை படித்தவர்களுக்கு ஒரு பிரசாதம் கிடைத்தது: வெளி அமைப்புகளுக்குக் கொடுத்த ஏபிஐகளில் ஒன்று, செல்போன் எண்ணை மட்டும் வைத்தே தரவைத் தரும் வசதி கொண்டதாகச் சொல்லப்படுகிறது, ஆனால் அனுமதிப் பட்டியலில் இருக்கும் நம்பகமான இடத்திலிருந்து கேட்டால்தான் தரும். திருடு எங்கே போனது என்பதை விட்டுவிடுவோம். ஓர் எண்ணைச் சொன்னால் ஒரு குடும்பத்தையே எடுத்துக் கொடுக்கும் பதில் ஒன்றை முதலில் எதற்காகச் செய்து வைத்தீர்கள் என்ற கேள்விக்கு அந்த அறிக்கையில் இடம் இல்லை.

ஏபிஐ பாதுகாப்பின் பத்துப் பெரும் பாவங்களை ஓவாஸ்ப் என்ற அமைப்பு பட்டியலிடுகிறது. 2019 பட்டியலில் மூன்றாவது பாவம் இதுதான்: ஒவ்வொரு ஃபீல்டும் எவ்வளவு அந்தரங்கமானது என்று யோசிக்காமல் எல்லாவற்றையும் அனுப்பிவிட்டு, வடிகட்டும் வேலையைச் செயலியிடம் விடுவது. 2023 பட்டியலில் அந்தப் பாவத்துக்குப் பெயர் மாற்றி, அதன் தங்கை ஒன்றையும் சேர்த்துக் கட்டினார்கள். இடம் மாறவில்லை. அதே மூன்றாவது இடம்.

பரிகாரம் பெரிய ரகசியம் இல்லை. திரை என்ன கேட்கிறதோ அதற்கென்று ஒரு பதில் வடிவம், அட்டவணையிலிருந்து பிரித்து, ஃபீல்டு ஃபீல்டாகக் கையால் எழுதுவது. ஓட்டுநர் பெயர் வேண்டுமா, பெயர் மட்டும். ஒரே டிப்போ நூறு இடத்தில் வருகிறதா, அதை ஓரமாக ஒரு தடவை வைத்துவிட்டு மற்ற இடங்களில் எண்ணால் சுட்டுவது. 2015இல் ஜேசன் ஏபிஐ என்ற வரையறை இதைத்தான் சட்டமாக எழுதி வைத்தது. கூடுதல் ஆழம் வேண்டுவோர் கேட்டு வாங்க வேண்டும், அதற்கும் உச்சவரம்பு வேண்டும். பணப் பரிமாற்ற நிறுவனமான ஸ்ட்ரைப் நாலு அடுக்கோடு நிறுத்திவிடுகிறது, அதனால் அவர்கள் வியாபாரம் படுத்துவிடவில்லை. பட்டியலைப் பக்கம் பக்கமாகத் தருவது. இந்த ஆளுக்கு இந்த ஃபீல்டைக் காட்டலாமா என்று சர்வரே பார்ப்பது. எல்லாம் இருபத்திரண்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு மதியத்தில் சொல்லிக் கொடுத்துவிடலாம். ஆகவே எட்டாவது வள்ளலை மட்டும் திட்டிப் பயனில்லை. அவர் பின்னால் கஜானாவின் சாவியோடு ஒருவர் நிற்கிறார்.

"சார், ஒவ்வொரு ஸ்கிரீனுக்கும் தனியா ரெஸ்பான்ஸ் எழுதினா மூணு நாள் எக்ஸ்ட்ரா ஆகும்."

"மூணு நாளா? வெள்ளிக்கிழமை கிளையண்ட் டெமோ இருக்கு தம்பி. இப்போதைக்கு எல்லாத்தையும் அனுப்பு. ஸ்கிரீன்ல காட்டாம விட்டா போதும். யார் உள்ள வந்து பாக்கப் போறா?"

தம்பி அனுப்புகிறார். அவருக்கு வீட்டுக் கடன் இருக்கிறது.

இதே நாட்டில் நீங்கள் ஒரு தகவலைக் கேட்டுப் பெற முயன்று பாருங்கள். தகவல் உரிமைச் சட்டம், 10 ரூபாய் கட்டணம், 30 நாள் காத்திருப்பு. உங்கள் ஊர்ச் சாலையை ஒப்பந்தம் எடுத்தவர் யார், நலத்திட்டப் பட்டியலில் யார் யார் பெயர் என்று கேட்டால், அது தனிப்பட்ட தகவல், தர முடியாது என்று சொல்ல 8(1)(ஜே) என்று ஒரு பிரிவு உண்டு. பொதுநலன் பெரிதாக இருந்தால் தரலாம் என்று அந்தப் பிரிவுக்குள்ளேயே முன்பு ஒரு வாசகம் இருந்தது. 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதை வெட்டியது. பொதுநலனுக்காகத் தர 8(2) இருக்கிறதே என்பார்கள். அதை வைத்து மேல்முறையீட்டுக்கு நடந்து பார்த்தவர்களிடம் சொல்லட்டும். கையெழுத்துப் போட்டு, கட்டணம் கட்டி, முகவரி கொடுத்துக் கேட்கிற குடிமகனுக்கு ஒரு வரி கிடையாது. யார் என்றே தெரியாமல் கதவைத் தட்டுகிற டெலிகிராம் பாட்டுக்குக் குடும்பத்தோடு கிடைக்கும்.

அந்தத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நமக்காகத்தான் வந்தது என்கிறார்கள். நோக்கத்துக்குத் தேவையான தரவுக்கு மட்டுமே சம்மதம் செல்லும் என்று அதில் எழுதியிருப்பது உண்மை; படிக்க நன்றாக இருக்கிறது. தரவைக் காக்கத் தவறினால் 250 கோடி ரூபாய்வரை அபராதம். அந்தப் பணம் எங்கே போகும் என்பதை 34ஆம் பிரிவு சொல்கிறது: இந்தியத் தொகுப்பு நிதிக்கு. சேமநல நிதி எண் ஊர் சுற்றிய ஓட்டுநருக்கு, அடையாள அட்டை எண் டெலிகிராமில் தொங்கிய பாட்டிக்கு, அதில் பைசா கிடையாது. தரவைக் கோட்டை விட்ட கம்பெனியிடம் பாதிக்கப்பட்டவர் இழப்பீடு கேட்கத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் கொடுத்த வழி 43ஏ பிரிவு. அதை நீக்கவும் இதே சட்டத்தில் ஒரு வரி சேர்த்தார்கள். அந்த வரியை எழுதியவர் 'ஆல்' என்று போட்டுவிட்டு டீ குடிக்கப் போகவில்லை. எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, அதில் எந்த எழுத்து என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக் கையால் எழுதியிருக்கிறார்.